அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால்

லோகப்பிரியாவின் ஊரில் சத்தம் இருந்தால்தான் குழந்தைகள் தூங்கும். சத்தம் நின்றால் விழித்துக்கொண்டு அழும்.

சோமனூருக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். தெருவுக்கு நாலு விசைத்தறிப் பட்டறைகள். பகல், இரவு, ஞாயிறு, பண்டிகை எதுவும் பார்க்காமல் ஏதாவது ஒரு பட்டறையில் 'டடக் டடக்' என்று தறி ஓடிக்கொண்டே இருக்கும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் முதல் நாள் காதைப் பொத்திக்கொள்வார்கள். இரண்டாம் நாள் பஸ் ஏறிவிடுவார்கள். ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் காற்று மாதிரி. அது இருப்பதே தெரியாது.

லோகப்பிரியாவுக்குப் பத்து வயது. அவளும் அம்மா கீதாவும்தான் வீட்டில். அப்பா திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விடுவார்.

ஏப்ரல் மாதம் முதல் வாரம். மத்தியான வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அம்மா, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"மறுபடியும் போச்சு கண்ணு" என்றாள்.

போனது எல்.எல்.ஆர். தேர்வு. வண்டி ஓட்டப் பழகுவதற்கு முன்னால் எழுத வேண்டிய தேர்வு அது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். சாலை விதிகளைப் பற்றி ஒவ்வொரு கேள்வியாகத் திரையில் வரும். சரியான விடையைத் தொட வேண்டும். பாதிக்குக் கொஞ்சம் மேலே சரியாக இருந்தால் போதும். அம்மா இரண்டாவது முறையாகத் தோற்றுவிட்டு வந்திருந்தாள்.

லோகப்பிரியா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

ஜூன் மாதம் அவள் அவிநாசியில் ஆறாம் வகுப்பில் சேர வேண்டும். அங்கே போகக் காலையில் ஒரே ஒரு பஸ். அது பள்ளி மணி அடித்து அரை மணி கழித்துத்தான் போய்ச் சேரும். அம்மா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டால் வீட்டிலிருந்தே படிக்கலாம். இல்லாவிட்டால் அன்னூரில் நாச்சியம்மாள் அத்தை வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும். எல்.எல்.ஆர். கிடைத்து ஒரு மாதம் கழித்துத்தான் லைசென்ஸ் வாங்க முடியும். அதனால் ஏப்ரல் முடிவதற்குள் அம்மா தேறியாக வேண்டும்.

அத்தை நல்லவள்தான். ஆனால் அத்தை வீட்டில் அம்மா இருக்க மாட்டாளே!

"உனக்குத்தான் எல்லாப் பதிலும் தெரியுமேம்மா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு உம்மல் குல்சும் அத்தை வந்தாள். லோகப்பிரியாவின் வகுப்பில் படிக்கும் ரிஃபத்தின் அம்மா அவள். இரண்டு பேரும் வாசல்படியில் உட்கார்ந்து ரகசியம் பேசினார்கள். அந்த ஊரில் ரகசியம் என்றாலும் தறிச் சத்தத்தைத் தாண்டிப் பேசினால்தான் கேட்கும். அதனால் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த லோகப்பிரியாவுக்கும் கேட்டுவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லலைங்கக்கா. அந்த ரூம்ல ஏதோ இருக்குதுங்க" என்றாள் அம்மா.

"ஆபீசர் இருப்பாரு."

"அவரு முன்னாடி இருக்காரு. இது பின்னாடி. கதவைச் சாத்தின உடனே என் நாற்காலிக்குப் பின்னாடி வந்து நின்னுக்குது. மூச்சு விடுதுங்கக்கா, காதுக்குப் பக்கத்துல. கேள்வியப் படிச்சா எழுத்தெல்லாம் ஓடுது. திரும்பிப் பார்த்தா வெறும் செவுரு."

"போன தடவையும் இப்படித்தானா அம்மணி?"

"போன தடவை நாலாவது நாற்காலி. அதுலதான் ஏதோ இருக்குதுன்னு நினைச்சு, இந்தத் தடவை கேட்டு வாங்கி மூலையில போய் உக்காந்தேன்." அம்மாவின் குரல் இறங்கியது. "அங்கயும் வந்துட்டா."

லோகப்பிரியாவின் பென்சில் நின்றுவிட்டது. முதலில் 'அது' என்ற அம்மா இப்போது 'வந்துட்டா' என்கிறாள்! அவள் மெல்லத் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். சுவரில் காலண்டர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பள்ளிக்குப் போகும்போது ரிஃபத்திடம் சொன்னாள். ரிஃபத் எதையும் தீர விசாரிப்பவன்.

"அந்தப் பேயும் எல்.எல்.ஆர். எழுத வந்து தோத்திருக்கும். அதான் பின்னாடி நின்னு உங்கம்மாவப் பார்த்துக் காப்பியடிக்குது."

"பேய் காப்பியடிச்சா எங்கம்மா ஏன் தோக்கணும்?"

ரிஃபத் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தான். "தப்புத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கும்" என்றான்.

லோகப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்கு உண்மையிலேயே பதில் தெரியுமா, தெரியாதா?

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, அதன் வெள்ளைப் பக்கத்தில் ஒவ்வொரு சாலைக் குறியையும் அவள் வரைந்து வைத்திருந்தாள். நாற்பது அட்டைகள். அவற்றை எடுத்துக்கொண்டு அம்மா வேலை செய்யும் பட்டறைக்குப் போனாள். உள்ளே கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் கையாலும் உதட்டாலும்தான் பேசுவார்கள்.

அவள் ஓர் அட்டையைக் காட்டினாள். சிவப்புக் கரை போட்ட முக்கோணம், உள்ளே வளைந்த கோடு. அம்மா அறுந்த நூலைக் கட்டிக்கொண்டே ஒரு கையைப் பாம்பு மாதிரி வளைத்துக் காட்டினாள். 'முன்னால் வளைவு, பார்த்துப் போ.' அடுத்த அட்டை. சிவப்பு வட்டத்துக்குள் ஊதுகுழல், மேலே ஒரு கோடு. அம்மா வாயைப் பொத்திக் காட்டினாள். 'ஒலி எழுப்பாதே.' தலைகீழ் முக்கோணத்தைக் காட்டியதும் ஒதுங்கி நின்று, வருகிறவர்களுக்கு வழி விடுவது போலக் கையை நீட்டினாள். பக்கத்துத் தறி அண்ணன் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து வந்தேவிட்டார்.

நாற்பதுக்கு நாற்பது.

அப்படியானால் படிப்பில் ஒரு குறையும் இல்லை. அந்த அறையில்தான் ஏதோ இருக்கிறது.

அடுத்த வாரம் பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை மின்தடை. மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காகக் கரண்ட்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு ஊரில் ஆள் தங்காது. துணி எடுக்க, பெண் பார்க்க, பல் பிடுங்க என்று எல்லா வேலையையும் அந்த நாளுக்காகவே தள்ளி வைத்திருப்பார்கள். உம்மல் குல்சும் அத்தையும் கோயம்புத்தூர் கிளம்பிப் போனாள். அம்மா மட்டும் போகவில்லை. மூன்றாவது தேர்வு இருபத்தெட்டாம் தேதி. வீட்டிலிருந்து படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

ஒன்பது மணிக்குச் சத்தம் நிற்க ஆரம்பித்தது.

முதலில் மேற்கு வீதி. பிறகு பள்ளிக்கூட வீதி. ஒவ்வொரு பட்டறையாக யாரோ வாயைப் பொத்திக்கொண்டே வருவது போல இருந்தது. கடைசியாக அவர்கள் வீதிப் பட்டறை 'டடக்... டக்... ட' என்று நின்றது. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அதையும் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு ஒன்றுமில்லை.

வேப்பமரம் ஆடியது. ஆனால் ஊரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது போலத் தோன்றியது. நடுத்தெருவில் ஒரு நாய் நின்றுகொண்டு, எதையோ தொலைத்துவிட்டது போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

அம்மா புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். லோகப்பிரியா எதிரே உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பக்கத்தைப் புரட்டிய அம்மாவின் கை அப்படியே நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா?"

"பேசாதே." அம்மா கண்ணை மட்டும் ஓரத்துக்கு நகர்த்தினாள். "ஊட்டுக்கே வந்துட்டா."

லோகப்பிரியா எட்டிப் பார்த்தாள். அம்மாவுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. சுவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு கை நுழையக்கூட இடமில்லை.

அம்மா புத்தகத்தை வீசிவிட்டு வெளியே ஓடி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். "அந்த அட்டையெல்லாம் எங்க கண்ணு? வெளியில நின்னே படிக்கலாம்" என்றாள்.

அட்டைகள் பட்டறையில் இருந்தன. முந்தின நாள் லோகப்பிரியா அங்கேயே மறந்து வைத்துவிட்டாள். "நான் போய் எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

பட்டறையின் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியே ஒரு வெயில் தூண் இறங்கி, அதில் பஞ்சுத் தூசி மெல்ல மெல்லச் சுற்றியது. எப்போதும் பாய்ந்துகொண்டே இருக்கும் தறிகள் பாதித் துணியோடு அப்படியப்படியே நின்றிருந்தன. யாரோ 'அசையாதே' என்று சொல்லியிருப்பது போல.

அட்டைக்கட்டு கடைசித் தறிக்குப் பக்கத்தில் இருந்தது.

அவள் நடந்தாள். நாலாவது தறி தாண்டியபோது கேட்டது.

ஸ்ஸ்ஸ்... ஹா. ஸ்ஸ்ஸ்... ஹா.

காதுக்கு மிக அருகில். அவள் நின்றாள். அது நிற்கவில்லை. அவள் வேகமாக நடந்தாள். அதுவும் வேகமாக மூச்சு விட்டது. கூடவே இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது. டும். டும். டும். தரைக்கு அடியிலிருந்து யாரோ தட்டுவது போல.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஆனால் அவள் ஓடினால் அட்டை இங்கேயே இருக்கும். அம்மா மூன்றாவது தடவையும் தோற்பாள். ஜூன் மாதம் பெட்டியைக் கட்ட வேண்டும்.

"யாருங்க அது?" என்று கேட்டாள்.

பேசி முடிக்கும்வரை மூச்சுச் சத்தம் இல்லை. முடித்ததும் மறுபடி வந்தது. ஸ்ஸ்ஸ்... ஹா.

இது விசித்திரமாக இருந்தது. அவள் வாயை இறுக மூடி, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சுச் சத்தம் நின்றது.

விரலை எடுத்தாள். வந்தது. மறுபடி பிடித்தாள். நின்றது. நெஞ்சில் கையை வைத்தாள். தரைக்கு அடியில் கேட்ட 'டும் டும்' அவள் உள்ளங்கையில் வந்து இடித்தது.

லோகப்பிரியா அந்த வெயில் தூணுக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பத்து வருஷமாக அவளுக்குள் இது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. தறிச் சத்தத்தில் ஒரு நாள்கூட அவள் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை.

வாசலில் நிழல் தட்டியது. ரிஃபத். "பல் பிடுங்கப் போறோம்னாங்க. நான் தப்பிச்சு வந்துட்டேன்" என்றான்.

"ரிஃபத், இங்க வந்து பேசாம நில்லு. காதைக் குடு."

அவன் நின்றான். சிறிது நேரத்தில் அவன் கண்கள் வட்டமாகின. "லோகு! எனக்குப் பின்னாடி ஒருத்தன்!"

"மூக்கைப் பிடி."

பிடித்தான். விட்டான். பிடித்தான். "அட, அவன் நான்தானா?" என்றான். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது அவனுக்கு.

வேப்பமரத்தடியில் அம்மாவும் மூக்கைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு வெட்கத்தோடு சிரித்தாள். ஆனால் வீட்டுக்குள் கூப்பிட்டபோது படியிலேயே நின்றுவிட்டாள்.

"புரியுது கண்ணு. மண்டைக்குப் புரியுது. முதுகுக்குப் புரியலையே! அங்க போய் உக்காந்தா மறுபடியும் சில்லுன்னு ஆயிரும்."

"அப்ப முதுகுக்குச் சொல்லிக்குடுக்கலாம். நாம சத்தத்துல உக்காந்து படிச்சுப்போட்டோம்மா. பரிட்சை சத்தமில்லாத எடத்துல. இனிமே சத்தமில்லாத எடத்துலதான் படிக்கணும்."

சொல்வது சுலபம். நாலு மணிக்குக் கரண்ட் வந்ததும் ஊர் மறுபடி 'டடக் டடக்' என்று ஆரம்பித்துவிட்டது. அந்த ஊரில் சத்தமில்லாத இடத்துக்கு எங்கே போவது? கம்பளிக்குள் நுழைந்து பார்த்தார்கள். வேர்வைதான் வந்தது. கிணற்று மோட்டார் அறையில் தவளை கத்தியது. பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சுவரோரம் ஒரு கோழி முட்டையிட்டுவிட்டு அதை ஊருக்கெல்லாம் அறிவித்தது.

"ஒரு எடம் இருக்கு" என்றான் ரிஃபத். "ஆனா நான் வர மாட்டேன்."

திருமலைசாமியின் துணி குடோன்! பட்டறை முதலாளி அவர். நெய்த காடாத் துணியை லாரி வரும்வரை அங்கேதான் அடுக்கி வைப்பார்.

திருமலைசாமி மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "குடோன்ல என்ன கண்ணு படிப்பு? மூட்டை எடுக்கற ஆளுங்களே அங்க ஒத்தையாப் போக மாட்டாங்க. சத்தம் செத்துப்போற எடம் அது."

"அதுதானுங்க வேணும்" என்றாள் லோகப்பிரியா.

அவர் சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "கதவைத் திறந்து வெச்சுக்குங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

அவர் சொன்னது சரிதான். தரையிலிருந்து கூரைவரை வெள்ளைத் துணிச் சுருள்கள். சில படுத்திருந்தன. சில ஆள் உயரத்துக்குச் சுவரில் சாய்ந்து நின்றன. வரிசையாக வெள்ளை போர்த்திய மனிதர்கள் இவர்களையே பார்ப்பது போல. வெளியே அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே நாலு அடி போனதும் அந்தச் சத்தத்தைத் துணி விழுங்கிவிட்டது. லோகப்பிரியா கையைத் தட்டினாள். தட்டிய சத்தம் கைக்குள்ளேயே நின்றுவிட்டது.

நடுவில் ஒரு நாற்காலி போட்டார்கள். அம்மா உட்கார்ந்தாள். போனில் மாதிரித் தேர்வைத் திறந்து கொடுத்துவிட்டு லோகப்பிரியா வாசலுக்குப் போனாள்.

"நீயும் இரு கண்ணு!"

"பரிட்சைக்கு நான் உள்ள வர முடியாதேம்மா."

முதல் நாள் அம்மா இரண்டு நிமிடத்தில் வெளியே ஓடிவந்துவிட்டாள். இரண்டாம் நாள் நாலு நிமிடம். நாலு நிமிடத்தில் மூன்று கேள்வி, மூன்றும் தப்பு. கண்ணில் தண்ணீர் நின்றது.

"வந்து நிக்கறாளே! விரட்ட விரட்டப் போக மாட்டேங்கறா."

லோகப்பிரியா யோசித்தாள். அம்மா வீட்டுக்கு வந்தவர்களை ஒரு நாளும் விரட்டியது கிடையாது. பால்காரர் வந்தாலும், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தாலும், 'வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா' என்றுதான் ஆரம்பிப்பாள்.

"ஏம்மா விரட்டறே? வாங்கன்னு சொல்லிப் பாரேன்."

அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனாலும் உள்ளே போனாள். லோகப்பிரியா கதவிடுக்கில் காதை வைத்தாள். வெகு நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு அம்மாவின் குரல், சின்னதாக, மரியாதையாக வந்தது.

"வந்துட்டீங்களா? வாங்க. உக்காருங்க. எனக்குப் பத்து நிமிசம் வேலை இருக்குதுங்க. அதுவரைக்கும் இருங்க."

அன்று அம்மா எட்டு நிமிடம் இருந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் குடோன்தான். லோகப்பிரியா அட்டைகளை நன்றாகக் கலைத்துப் போடுவாள். தெரிந்த வரிசையிலேயே படித்தால் அட்டைக்கு முன்னால் விடை வந்து நின்றுவிடும் என்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள். சரியாகச் சொன்ன அட்டை ஒரு பக்கம், தப்பானது ஒரு பக்கம். தப்பானதை மட்டும் மறுநாள் முதலில் கேட்பாள். ஒவ்வொரு கேள்விக்கும் முப்பது எண்ணுவாள். புத்தகத்தைத் திறக்கவே விட மாட்டாள்.

"உங்க டீச்சர்கூட இவ்வளவு மோசமில்ல கண்ணு" என்றாள் அம்மா.

இருபத்தேழாம் தேதி, கடைசி நாள். அம்மா உள்ளே. லோகப்பிரியா வெளியே. ஒரு கேள்வி, இரண்டு கேள்வி. திடீரென்று அம்மாவின் குரல் கேட்டது.

"வாங்கன்னு ஒருத்தரைத்தானுங்க கூப்பிட்டேன். ரெண்டாவதா வந்திருக்கறது யாருங்க?"

லோகப்பிரியா கதவருகே ஓடினாள். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். அம்மா ஓடவில்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்ஸ்ஸ்... ஹா. அது அம்மாவின் மூச்சு. அதற்கு நடுவில் இன்னொன்று. கர்ர்ர்... புஸ். கர்ர்ர்... புஸ்.

சுவரில் சாய்ந்திருந்த வெள்ளை மனிதர்களில் ஒருவர் அசைந்தார். மெல்லச் சரிந்தார். 'தொப்' என்று விழுந்தார். அவருக்குப் பின்னால் இருந்த இடுக்கில், துணியோடு துணியாக, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான் ரிஃபத்.

"வர மாட்டேன்னு சொன்னே?" என்று அவனை உலுக்கினாள் லோகப்பிரியா.

"பேய் நிஜமா இல்லையான்னு பார்க்க வந்தேன். குளுகுளுன்னு இருந்துச்சா..." கண்ணைக் கசக்கினான். "இல்ல போல."

அம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இரு கண்ணு, இன்னும் ரெண்டு கேள்வி பாக்கி இருக்கு" என்றாள்.

மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் தாழ்வாரத்தில் லோகப்பிரியா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தேர்வு அறைக்குக் கண்ணாடிக் கதவு. ஐந்து பேர் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. இங்கிருந்து அம்மாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

முதுகு அசையவே இல்லை. ஒரு நிமிடம் ஆனது. லோகப்பிரியாவுக்குத் தன் நெஞ்சு 'டும் டும்' என்பது நன்றாகக் கேட்டது.

அம்மாவின் பக்கத்து நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர். அவர் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். மறுபடி திரும்பினார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் எழுந்து விறுவிறுவென்று வெளியே வந்து லோகப்பிரியாவின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அந்த ரூம்ல..." என்று ஆரம்பித்தவர், சின்னப் பெண்ணிடம் எதற்கு என்று நிறுத்திக்கொண்டார்.

"ஏனுங்க தாத்தா, உங்க ஊர்ல தறி ஓடுதுங்களா?"

"நாப்பது வருசமா நான்தான் ஓட்டறேன். பேரு செங்கோடன்னா அவிநாசிப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். உனக்கெப்படிக் கண்ணு தெரியும்?"

"உங்க நாற்காலிக்குப் பின்னாடி யாரோ மூச்சு விட்டாங்க. சரிங்களா?"

செங்கோடன் அவளைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். இப்போது அவருக்கு அவள்மேலேயே பயம் வந்துவிட்டது.

லோகப்பிரியா அவரை மாடிப்படிக்கு அடியில் அழைத்துப்போனாள். அங்கே சத்தம் குறைவு. மூக்கைப் பிடிக்கச் சொன்னாள். விடச் சொன்னாள். அவர் அரை நிமிடம் அசையாமல் நின்றார். பிறகு, நெடுநாள் கழித்து ஒரு சொந்தக்காரரைப் பார்த்தவர் போல அவர் முகம் மாறியது.

"அறுபது வருசமாக் கூடவேயா இருக்கான் இவன்!" என்றார். "அடுத்த தடவை என்ன பண்ணட்டும் கண்ணு?"

"உங்க ஊர்ல துணி குடோன் இருக்குதுங்களா? அங்க ஒத்தையா உக்காந்து படிங்க. வந்தா வாங்கன்னு சொல்லுங்க."

கண்ணாடிக் கதவு திறந்தது.

அம்மா வந்தாள். நேராக நடந்து வந்து, லோகப்பிரியாவின் எதிரே நின்று, கையிலிருந்த காகிதத்தை நீட்டினாள். அதில் 'தேர்ச்சி' என்று இருந்தது. ஒரே ஒரு கேள்விதான் தப்பு.

"எதும்மா தப்பு?"

"முதல் கேள்வி. வாங்கன்னு சொல்லி உக்கார வெக்கறதுக்குள்ள நேரம் ஓடிப்போச்சு."

லோகப்பிரியா அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். செங்கோடன் இரண்டு பேருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது லோகப்பிரியா அன்னூருக்குப் போன் போட்டாள்.

"அத்தை, நான் ஜூன்ல தங்க வரலைங்க."

"அடக் கடவுளே!" என்றாள் நாச்சியம்மாள் அத்தை. "நேத்துத்தான் உன் பேரு வெட்டி ஒரு சில்வர் தட்டு வாங்கி வெச்சேன். அதை என்ன கண்ணு பண்றது?"

"பத்திரமா வைங்க அத்தை. லைசென்ஸ் வந்ததும் அதுல சாப்பிட வாரோம். அம்மா ஓட்டுவாங்க, நான் பின்னாடி உக்காந்துக்குவேன்."